கடற்கரையில் கவிதை வகுப்பு: இராமநாதபுரம் பக்கம் எழுதிப் பிழைக்க வருகிறவர்களுக்கு

மண்டபம், உச்சிப்புளி பக்கம் ஒரு வீடு எடுத்துத் தங்கி எழுதப் போகிறேன், பிள்ளைகளுக்கு எழுதவும் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி அவ்வப்போது இளைஞர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம், எதைப் படிக்கலாம் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நான் முதலில் சொல்வது, அமாவாசையும் பௌர்ணமியும் பெரிதாகப் போட்ட ஒரு மாத நாட்காட்டி வாங்குங்கள் என்பதை. இந்தக் கரையில் கவிதைக்கும் வகுப்புக்கும் வருமானத்துக்கும் அதுதான் ஆதாரம். கரையின் நாள்கணக்கோடு ஒத்துப்போகத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் மெல்ல மெல்லக் கைகூடும். கீழே உள்ளவை நான் செய்துபார்த்து, சிலவற்றைத் தவறாகச் செய்து, பிறகு திருத்திக்கொண்டவை.

1. நாட்காட்டியில் ஊரைக் குறியுங்கள்

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் வீட்டில் பாதிப் பேர் இறங்குதளத்தில் இருப்பார்கள். மீன் பிரிக்க வேண்டும், ஐஸ் போட வேண்டும், ஏலம் முடிய வேண்டும். ஞாயிறு விடுமுறைதானே என்று காலை பத்து மணிக்கு நான் வகுப்பு வைத்த முதல் மாதம் என் எதிரில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாலை நாலரைக்கு மாற்றிய வாரமே பாய் போதவில்லை.

கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு நிலவுதான் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக வற்றும். அந்த நாள்களில் ஆழம் குறைந்த பாறைப் பகுதிகளில் மூழ்கிப் பாசி பறிப்பார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று அவர்களே வரம்பு வகுத்துக்கொண்டதும் உண்டு. அவர்களுக்கு வகுப்பு வைப்பதென்றால் இடைப்பட்ட நாள்களில்தான் வைக்க முடியும். சாயல்குடிப் பக்கம் போனால் பனை. பதநீர் இறங்கும் மாதங்களில் குடும்பமே பனங்காட்டில் குடிசை போட்டுத் தங்கிவிடும், பிள்ளைகளும் கூடப் போய்விடுவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் மக்ரிப் தொழுகைக்கு முன் வகுப்பை முடித்துவிடுங்கள், ரமலான் மாதத்தில் நேரத்தை அவர்களிடமே கேட்டு வையுங்கள். தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை பூசை நேரம். இவை அனைத்தையும் வண்ணப் பென்சிலால் நாட்காட்டியில் குறித்துவைத்தால், காலியாக இருக்கும் கட்டங்கள்தான் உங்களுக்கு உரியவை.

2. வீடு, தாள், பேனா

கடல் தெரியும் வீடு தேடாதீர்கள். பஸ் நிற்கும் இடத்துக்கும் குடிதண்ணீர் வரும் தெருவுக்கும் பக்கத்தில் வீடு பாருங்கள். தண்ணீர் வண்டி வரும் நேரம் தெரியாமல் காலை எழுத்துக்கு உட்கார்ந்தால், பாதி வரியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும்.

உப்புக் காற்று தாளைத் தின்னும். ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்கள் வாடைக் காலத்தில் ஈரம் ஏறிப் பரவிவிடுகின்றன. எனக்கு ஒரு நோட்டுப் புத்தகமே இப்படிப் போயிற்று, அதிலிருந்த எட்டுக் கவிதைகளில் மூன்றைத்தான் நினைவிலிருந்து மீட்க முடிந்தது. பென்சிலோ பந்துமுனைப் பேனாவோ போதும். கையெழுத்துப் பிரதிகளை இறுக மூடும் தகரப் பெட்டியில் வையுங்கள். முடித்த கவிதையை அன்றைக்கே கைபேசியில் தட்டச்சு செய்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிரிண்டர் வாங்க வேண்டாம், உருளையில் துரு ஏறும். அச்செடுக்க ராமநாதபுரம் போகும் நாளில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

3. சொல் சேர்ப்பது

வந்த முதல் ஆறு மாதம் கவிதையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சொற்களைச் சேருங்கள். சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று, அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். சொல், சொன்னவருடைய வேலை, சொன்ன இடம், அவர் அதை வைத்துப் பேசிய முழு வாக்கியம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். முழு வாக்கியம் இல்லாத சொல் பிறகு பயன்படாது. நான் பட்டறிந்து சொல்கிறேன்.

கேட்பதற்கு நல்ல நேரம் வலை பொத்துகிற நேரம். கைகளுக்கு வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும். ஏலம் நடக்கும்போது யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். படகு வெறுங்கையோடு வந்த நாளில் நோட்டை வெளியே எடுக்கவே வேண்டாம்.

காற்றிலிருந்து தொடங்குங்கள். பழைய இலக்கியத்தில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல் என்று படித்திருப்பீர்கள். இந்தக் கரையில் வாடையும் கொண்டலும் அப்படியே புழங்குகின்றன. மேற்குக் காற்று கச்சான் ஆகிவிட்டது, தெற்குக் காற்று சோழகம். தென்றல் என்றால் இங்கே யாரும் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க மாட்டார்கள், கச்சான் பெலத்துவிட்டது என்றால் எழுந்துவிடுவார்கள். அந்த வித்தியாசத்தைக் காதால் கேட்ட பிறகு உங்கள் கவிதையில் 'மெல்லிய காற்று' என்று எழுதக் கை வராது.

பாம்பனில் வடக்கே இருக்கும் பாக் விரிகுடா வடகடல், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா தென்கடல். ஒன்று கலங்கி நிற்கும்போது மற்றொன்று அமைதியாக இருக்கும். பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தால் நிறத்திலேயே தெரியும். கடற்பசுவுக்கு ஆவுளியா, டால்பினுக்கு ஓங்கல், தனுஷ்கோடிக்கு அப்பால் கடலில் எழும்பும் மணல் திட்டுக்குத் தீடை. கிடைத்த மீனுக்குப் பாடு என்று பெயர். 'இன்றைக்குப் பாடு எப்படி?' என்று ஒருவர் கேட்டால் அது மீனைப் பற்றிய கேள்வியும்தான், மனிதரைப் பற்றிய கேள்வியும்தான்.

ஒரு சொல்லைக் கவிதையில் பயன்படுத்தினால், அச்சான பிறகு அந்தப் பக்கத்தைச் சொன்னவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு இரண்டு முறை தெரிந்தது.

4. இடமும் அனுமதியும்

ஊர்ப்புற நூலகம், வலை பின்னும் கூடம், கோயில் மண்டபம், தேவாலய வளாகம், மதரசாவின் காலியான அறை, எதுவானாலும் சரி. ஆனால் முதலில் ஊர்த் தலைவரையோ ஜமாஅத் பெரியவர்களையோ போய்ப் பாருங்கள். நான் யார், என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறேன், எத்தனை மணிக்கு முடிப்பேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெண்பிள்ளைகளின் அம்மாக்களிடம் தனியாகப் பேசுங்கள். இருட்டுவதற்கு முன் பிள்ளைகள் வீடு சேர வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை நீங்களே போட்டு, ஒருநாளும் மீறாமல் இருந்தால், இரண்டாவது மாதத்தில் அம்மாக்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை சேர்க்கலாம். ஒன்றரை மணி நேரம் போதும். நெய்தல் திணைக்கு இலக்கணம் சொன்ன சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். எங்கள் வகுப்பும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண்கள் விரியும், ஏனென்றால் அந்த நேரத்தில் கரையில் என்ன நடக்கும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

5. முதல் வகுப்பு

தலைப்பு கொடுக்காதீர்கள். 'கடல்' என்று தலைப்புக் கொடுத்தால் பதினைந்து பேரும் 'கடல் என் தாய்' என்றுதான் தொடங்குவார்கள். மேடையில் கேட்டு, பாடப்புத்தகத்தில் படித்து, அவர்களுக்குள் படிந்துபோன வரி அது.

அதற்குப் பதில், வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள். வலை ஊசி, மிதவை, குண்டு மிளகாய், உடைந்த சங்கு, சாம்பிராணிக் கரண்டி, எதுவும் ஆகலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு வாக்கியங்கள் எழுத வேண்டும். 'அழகான', 'இனிய' போன்ற அடைமொழி ஒன்றும் வரக் கூடாது, 'போல' என்ற சொல்லும் வரக் கூடாது. எடை, மணம், யார் கை பட்டது, எங்கே தேய்ந்திருக்கிறது, இவற்றை எழுதினால் போதும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் முதல் நாள் ஒன்றும் கொண்டுவரவில்லை. தாளில் 'கடல் என் தாய், அலை அவள் தாலாட்டு' என்று எழுதி நீட்டினாள். நான் அதை அடிக்கவில்லை. இன்று காலையில் உன் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டேன்.

"ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள், டீச்சர்."

"நீ எங்கே நின்றாய்?"

"வாசலில். பள்ளிக்கூடப் பையோடு."

"அதை எழுது."

அரை மணி நேரம் கழித்து அவள் படித்த வரிகள் இவை:

ஐஸ் பெட்டி கழுவிய தண்ணீர்
வாசலைத் தாண்டி ஓடுகிறது.
அம்மா நிமிரவில்லை.
என் கணக்கு நோட்டில்
ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.

'அம்மா நிமிரவில்லை' என்பது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். அந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னேன். பாயில் இருந்த எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்ததில் முக்கியமானது அந்த அமைதிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாவது வகுப்புக்குப் பிறகு பழைய பாட்டைக் கொண்டுவாருங்கள். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு கரைப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். மூன்றடி முதல் ஆறடிக்குள் முடிந்துவிடுவதால் கரும்பலகையில் முழுப் பாட்டையும் எழுதலாம். உரை சொல்வதற்கு முன், தெரிந்த சொற்களுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். நண்டும் அலவனும் ஒன்று என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

6. திருத்துவது

சிவப்பு மை வேண்டாம். பென்சிலால், தாளின் ஓரத்தில் மட்டும். முதலில் எழுதியவரே உரக்கப் படிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவர் படிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் பிழை இருக்கும். பெரும்பாலும் நாம் வாய் திறக்கவே தேவையிருக்காது.

ஒரு தாளில் ஒரு முறைக்கு இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லுங்கள். எந்த வரி உயிரோடு இருக்கிறது, எந்த வரியை எடுத்துவிட்டால் கவிதைக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றுப்பிழை, ளகர லகரப் பிழைகளைக் கடைசிப் பிரதியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். 'கவிதைதானே, இருக்கட்டும்' என்று விடுவது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அவமரியாதை.

நன்றாக வந்தவற்றை அனுப்பிவையுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களில் மாணவர் படைப்புகள் வருகின்றன, அவர்கள் பள்ளியின் தமிழாசிரியர் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். இதனால் தமிழாசிரியரும் உங்களுக்கு நண்பராவார். அவர் இல்லாமல் இந்தக் கரையில் ஒரு வகுப்பும் நீண்ட நாள் நடக்காது.

7. கேட்கக் கூடாதவை

இந்தக் கரையில் எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போன அப்பாக்கள், அண்ணன்கள் உண்டு. உங்கள் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் அப்பா அந்த வாரம் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கலாம். அதைப் பற்றி எழுது என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். வெளியூரிலிருந்து வரும் விருந்தினர்கள் அப்படி ஒரு கவிதையை எதிர்பார்ப்பார்கள், கேட்கவும் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். பிள்ளை தானாக எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் படிப்பதா, யாருக்காவது காட்டுவதா என்பதை அந்தப் பிள்ளையும் வீட்டாரும் முடிவு செய்யட்டும்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த குடும்பங்களின் பெரியவர்களிடமும் இப்படித்தான். அவர்கள் தொடங்கினால் கேளுங்கள்.

8. காசு

கவிதை மட்டும் எழுதி வீட்டு வாடகை கொடுக்க முடியாது. பத்திரிகைச் சன்மானம் வந்தால் மகிழ்ச்சி, அதை வரவில் எழுதாதீர்கள். என் வருமானம் மெய்ப்புத் திருத்தத்திலிருந்தும், கல்லூரிப் பயிலரங்குகளிலிருந்தும், பெரியவர்களுக்கு நடத்தும் கட்டண வகுப்பிலிருந்தும் வருகிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடமும் பாசிப் பெண்களிடமும் நான் காசு வாங்குவதில்லை. பிறரிடம் வாங்கத் தயங்குவதும் இல்லை. பயிலரங்குக்குக் கூப்பிட்டால் மதிப்பூதியம் எவ்வளவு, போக்குவரத்துச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'பொன்னாடை போர்த்துகிறோம்' என்பது தொகை ஆகாது.

ஊரில் திருமண வாழ்த்து, நினைவஞ்சலிப் பாட்டு, திருவிழா நோட்டீஸ் எழுதிக் கேட்பார்கள். எழுதுங்கள். நினைவஞ்சலிக்கு முன் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இறந்தவர் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று கேட்டு எழுதுங்கள். நான்கு வரிதான், ஆனால் பல ஆண்டுகள் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கப்போகிற நான்கு வரி.

புத்தகம் போடும்போது கவனம். என் முதல் தொகுப்பை வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்தேன். எத்தனை பிரதி அச்சடித்தார்கள், எத்தனை விற்றது என்று இன்றுவரை கணக்கு வரவில்லை. ஆகையால் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்காதீர்கள். பதிப்புரிமையை எழுத்தில் கையெழுத்திட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே இந்தியச் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் எழுத்துக்கான உரிமை உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளுக்கு உண்டு, அதை ஒரு தேநீர் நேரத்தில் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். சொந்தமாகவே பதிப்பிப்பதானால் புத்தகத்துக்கான அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல நூல்களை வெளியிடத் தமிழ் வளர்ச்சித் துறை நிதியுதவித் திட்டம் ஒன்றும் வைத்திருக்கிறது, அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.

9. உங்கள் கவிதைக்கு ஒரு நேரம்

பிறர் கவிதையைத் திருத்தித் திருத்தி உங்கள் காது மழுங்கிவிடும். அதற்காகத்தான் விடியலை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நான்கரைக்கு எழுந்து ஆறரை வரை எழுதுகிறேன். கைபேசி அடுத்த அறையில் இருக்கும். ஒன்றும் எழுத வராத நாளில் சொல் நோட்டைப் பிரதியெடுப்பேன். வகுப்பு நடந்த இரவில் எழுத மாட்டேன், பிள்ளைகளின் வரிகள் என் வரிகளுக்குள் வந்துவிடும். மாணவர் வரி ஒன்று உங்களையும் அறியாமல் உங்கள் கவிதையில் வந்துவிட்டால், அதை எடுத்துவிடுங்கள். எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் எடுத்துவிடுங்கள்.

10. தடைக்காலத்தில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகைக் கரையேற்றிச் சீர்செய்வார்கள், அப்பாக்கள் பகலில் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கும் கோடை விடுமுறை. ஆண்டின் சிறந்த வகுப்பு இந்த இரண்டு மாதங்களில்தான் நடக்கும். குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். பாசிப் பெண்களும் இந்த நாள்களில் வருவதுண்டு. பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிச் சுற்றிப் பழகியவர்கள். பேனாவைப் பிடித்ததும் ஓர் அக்கா, "துணி இல்லாமல் விரல் வெறுமையாக இருக்கிறது, டீச்சர்" என்றார். அந்த வாக்கியத்தையே முதல் வரியாக எழுதச் சொன்னேன்.

எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் எழுதட்டும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு தாத்தா பாடும்போது பேத்தி எழுதிக்கொண்டே வந்து, புரியாத ஒரு சொல்லில் நின்றுவிடுவாள். அகராதியைத் தேட வேண்டாம். வாயில் வந்த ஒலியை அப்படியே எழுதி அடியில் கோடு போடச் சொல்லுங்கள். பாட்டு முடிந்த பிறகு பொருள் கேட்கலாம். நடுவில் கேட்டால் பாட்டு அறுந்துவிடும், மறுபடி அதே இடத்திலிருந்து அவரால் தொடங்க முடியாது, முதலிலிருந்துதான் வர வேண்டும்.

எழுதி முடித்ததை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் தகரப் பெட்டிக்கு. மற்றொன்று அந்த வீட்டுக்கு, பாடியவர் பெயரும் எழுதிய பிள்ளையின் பெயரும் தேதியும் போட்டு. அதை லேமினேட் செய்தே கொடுங்கள். வெறும் தாள் இந்தக் காற்றில் ஒரு வாடைக் காலம் தாங்காது.